குதிரையின் மூட்டுக்குள் ஊசி: ஸ்கேன் பார்த்துப் போடப் பழகுவது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரத் தொடங்கிவிடும். "டாக்டருங்க, குதிரை லேசாத் தாங்குதுங்க. சந்தைக்குக் கொண்டு போகோணும். மூட்டுல ஒரு ஊசி போட்டு உடுங்க." அந்த ஊசியை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்து எப்படிப் போடுவது என்றுதான் இங்கே எழுதப் போகிறேன். எப்போது போடக்கூடாது என்பதும் நடுவில் வரும்.

கால்நடை மருத்துவம் முடித்து, பதிவும் செய்து, சில வருடங்களாக மாடும் ஆடும் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் பக்கம் குதிரை தினமும் கைக்கு வராது. பழனியில் வண்டி இழுப்பவை, பந்தயத்துக்கு வளர்ப்பவை, கோவையில் சவாரி பழக்கும் இடங்களில் இருப்பவை, தோட்டத்துச் சாளையில் ஆசைக்குக் கட்டியிருக்கும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள். இவ்வளவுதான். அதனால் ஒன்று வந்து நிற்கும்போது கை கொஞ்சம் நடுங்கும். குதிரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் மருத்துவர் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். தாங்களே செய்து பார்க்கக் கூடாது. மூட்டுக்குள் ஒரு கிருமி போனால் குதிரையே போய்விடும்.

முதலில், நொண்டல் அந்த மூட்டில்தானா?

ஸ்கேன் கருவி கையில் வந்ததும் எல்லாரும் செய்யும் தப்பு, வீங்கிய இடத்தில் புரோபை, அதாவது தோலில் வைத்துப் படம் பார்க்கும் முனையை, வைத்துவிடுவது. வீங்கிய மூட்டு வலிக்காமல் இருக்கலாம். வலிக்கிற மூட்டு வெளியே ஒன்றும் காட்டாமல் இருக்கலாம்.

முதல் வேலை குளம்பு. லாடத்தைத் தட்டிப் பாருங்கள், குளம்புக் குறடால் சுற்றிலும் அமுக்கிப் பாருங்கள். மேலே எங்கோ மூட்டு என்று கூட்டி வந்த குதிரைகளில் எத்தனையோ, கடைசியில் குளம்புக்குள் சீழோ தப்பாக அடித்த ஆணியோ என்று முடிந்திருக்கின்றன. அப்புறம் கெட்டித் தரையில் நேராக ஓடவிட்டு, வட்டம் சுற்றவிட்டு, மூட்டை மடக்கிப் பிடித்து ஓடவிட்டுப் பாருங்கள். முன்னங்கால் வலியென்றால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். பின்னங்காலுக்கு இடுப்பின் இரண்டு பக்கத்தையும் பின்னால் நின்று ஒப்பிட வேண்டும். செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் உங்களுக்கும் நல்லது, உரிமையாளரிடம் காட்டவும் ஆகும்.

கடைசிச் சாட்சி மரப்பு ஊசி. நரம்பையோ மூட்டையோ லிக்னோகெயினால் மரக்கவைத்து, நொண்டல் குறைகிறதா என்று பார்ப்பது. குறைந்தால்தான் அந்த மூட்டுக்கு மருந்து. சில நேரம் இதற்கே ஒரு பகல் போகும். போகட்டும்.

சந்தைக்கு முன் ஊசி கேட்கிறவரிடம் நான் சொல்வது இதுதான்: போட்டால் ஒரு வாரமாவது ஓய்வு வேண்டும், வண்டியில் ஏற்றி அந்தியூர் வரை ஆட்டிக்கொண்டு போகக் கூடாது. உள்ளுக்குள் நினைப்பது வேறு. விற்கப் போகிற குதிரையின் நொண்டலை மறைத்துக் கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். வாங்குகிறவர் அடுத்த மாதம் அதே குதிரையோடு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார். குதிரை வாங்கப் போகிறவர்களும் சமீபத்தில் மூட்டில் ஊசி போட்டதா என்று கேட்டுவிட்டுப் பணம் எண்ணுங்கள்.

எந்த மூட்டுக்குப் படம் வேண்டும்

எல்லா மூட்டுக்கும் ஸ்கேன் தேவையில்லை. குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக், முன்னங்கால் முட்டி, பின்னங்காலின் ஹாக் மூட்டில் மேல் அறை, இவையெல்லாம் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். குளம்புக்குள் பாதி மறைந்திருக்கும் காஃபின் மூட்டுக்கும் குளம்பின் மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. அளவு மேலே, முன்பக்க நடுவில் ஊசி இறங்கும். பல தலைமுறை மருத்துவர்கள் படமே இல்லாமல் போட்டிருக்கிறார்கள்.

படம் கட்டாயமாவது ஆழத்தில் இருப்பவற்றுக்கு. கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலான சிறு மூட்டுகள், இடுப்பு மூட்டு, இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக். இங்கே தசை தடிமனாக இருப்பதால் விரலுக்கு எதுவும் தட்டாது, பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும். தோள்மூட்டும், ஸ்டைஃபிள் எனும் பின்னங்கால் முழங்காலும் நடுவில் நிற்கிறவை. தெரிந்தவர் படமில்லாமல் போடுவார், பழகுகிறவர் படத்தோடு போடுவது நல்லது.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: படம் தேவைப்படாத மூட்டில் படம் பார்த்துப் பழகுங்கள். ஃபெட்லாக்கில் ஊசி முனை திரையில் எப்படித் தெரிகிறது என்று கண் பழகாமல் கழுத்துக்குப் போகாதீர்கள்.

கருவியும் மருந்தும்

நல்ல சேதி ஒன்று. பசுவுக்குச் சினை பார்க்க ஆசனவாய் வழியே விடும் நேர்கோட்டு புரோப் உங்களிடம் இருக்கும். 5 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் அந்தப் புரோபே ஃபெட்லாக், முட்டி, ஸ்டைஃபிள் வரைக்கும் தாங்கும். அதைச் சாணியோடு கொண்டுவராமல் இருந்தால் சரி. தசைநாரும் மூட்டுறையும் துல்லியமாகத் தெரிய 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் நேர்கோட்டுப் புரோப் வேண்டும். இடுப்புக்கும் சேக்ரோஇலியாக்குக்கும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைவுப் புரோப் இல்லாமல் முடியாது. அதிர்வெண் கூடினால் படம் தெளிவு, ஆழம் குறைவு. குறைந்தால் ஆழம் கிடைக்கும், தெளிவு போகும்.

ஊசிகள்: சின்ன மூட்டுக்கு 20 அல்லது 22 கேஜ், ஒன்றரை அங்குலம். கழுத்துக்கும் தோளுக்கும் மூன்றரை அங்குல ஸ்பைனல் ஊசி, 18 அல்லது 20 கேஜ். இடுப்புக்கு 15 செ.மீ. நீளமாவது வேண்டும். நீள ஊசிகளை முன்கூட்டியே சொல்லி வாங்கி வைக்க வேண்டும், உள்ளூர் மெடிக்கல் கடையில் கேட்டவுடன் கிடைக்காது.

மருந்தில் அதிகம் பயன்படுவது ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு. ஒரு மூட்டுக்கு 3 முதல் 12 மி.கி. வரை போடுவார்கள், ஒரு நாளில் குதிரையின் உடம்பு முழுக்கச் சேர்த்து 18 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது வழக்கம். இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த மருந்து மில்லிக்கு 10 மி.கி. என்றும் 40 மி.கி. என்றும் இரண்டு விதமாக வருகிறது. குப்பி பார்க்க ஒன்று போலவே இருக்கும், தப்பாக எடுத்தால் அளவு நான்கு மடங்கு. லேபிளை வாய்விட்டுப் படித்துவிட்டு இழுங்கள். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு குருத்தெலும்பைக் கெடுக்கும் என்பதால், அதை ஹாக்கின் கீழ்ப்பகுதி போல அசைவு குறைந்த மூட்டுகளுக்கே வைத்துக்கொள்கிறேன். ஹயலுரானிக் அமிலம் 20 மி.கி. தனியாகவோ ட்ரையாம்சினோலோனோடு சேர்த்தோ போடலாம், விலைதான் கடிக்கும். குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் சாறும் உண்டு. அதற்கு சென்ட்ரிஃபியூஜும் சுத்தமான அறையும் வேண்டும், சாளையில் நடக்காது.

ஸ்டீராய்டு என்றாலே குளம்பழற்சி பயம் மனதில் இருக்க வேண்டும். கொள்ளும் தவிடும் அள்ளிப் போட்டு, ஓட்டம் இல்லாமல் ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வரும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். பிடரி மேட்டில் கொழுப்பு திரண்டு நிற்கும். இவற்றுக்குக் குளம்பழற்சி வரும் வாய்ப்பு அதிகம். முன்பு ஒரு தடவை குளம்பழற்சி வந்த குதிரையா என்று கேட்காமல் ஸ்டீராய்டு குப்பியைத் திறக்காதீர்கள்.

சைனா கிராஸில் ஒரு மாதம்

உயிருள்ள குதிரையில் முதல் ஊசியைப் பழகாதீர்கள். மளிகைக் கடையில் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ், பாக்கெட்டாகக் கிடைக்கும். இனிப்புக்குக் காய்ச்சுவதைவிடக் கெட்டியாகக் காய்ச்சி, இறக்கும்போது இரண்டு கரண்டி இசப்கோல் தூவிக் கலக்குங்கள். இசப்கோல் இருந்தால்தான் திரையில் தசை மாதிரி சாம்பல் நிறம் வரும், இல்லாவிட்டால் வெறும் கறுப்புத்தான். டப்பாவில் பாதி ஊற்றி, தண்ணீர் நிரப்பிக் கட்டிய கையுறை விரல் ஒன்றைப் படுக்கவைத்து, மேலே மீதியை ஊற்றி ஆறவிடுங்கள். அந்தக் கையுறை விரல்தான் உங்கள் மூட்டு.

இதில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஊசி முனையைக் கண்ணிலிருந்து விடாமல் இருப்பது. புரோபின் நீளவாக்கிலேயே ஊசியை நுழைத்தால் அதன் முழு நீளமும் வெள்ளைக் கோடாகத் தெரியும். குறுக்கே நுழைத்தால் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும், அது முனையா நடுத்தண்டா என்று சொல்ல முடியாது. புதியவர்கள் முதல் முறையிலேயே நிற்கட்டும். ஊசி படுத்தவாக்கில் போனால் பளிச்சென்று தெரியும், செங்குத்தாக இறங்க இறங்க மங்கும். ஊசியின் சாய்வு வெட்டு வாய் புரோப் பக்கம் பார்த்தால் முனை இன்னும் கொஞ்சம் மின்னும்.

முனை தெரியாமல் போனால் ஊசியைத் தள்ளாதீர்கள். ஊசியை நிறுத்திவிட்டுப் புரோபை நூலளவு நகர்த்தித் தேடுங்கள். இரண்டு கையும் ஒன்றாக நகர்ந்தால் ஜென்மத்துக்கும் கிடைக்காது. நான் ஆரம்பத்தில் புரோபைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஊசியை இடது பக்கம் சாய்த்தால் திரையில் வலது பக்கம் போகிறதே என்று அரை மணி நேரம் கருவியைத் திட்டியிருக்கிறேன். புரோபின் ஓரத்தில் ஒரு மேடு அல்லது கோடு இருக்கும். அது திரையில் எந்தப் பக்கம் என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சைனா கிராஸ் கைவந்த பிறகு, கசாப்புக் கடையில் தொடையோடு சேர்ந்த ஆட்டுப் பின்னங்கால் வாங்கி முட்டி மூட்டில் முயற்சி செய்யுங்கள். எலும்பு வெள்ளைக் கோடாகவும் அதன் கீழே நிழலாகவும், குருத்தெலும்பு அதன் மேல் மெல்லிய கறுப்புப் பட்டையாகவும் தெரிவதை அதில் பார்க்கலாம்.

ஊசி போடும் நாள்: மயக்கமும் சுத்தமும்

இடம் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் புழுதியைக் கிளப்பும். திறந்த வெளியில் மூட்டைத் திறப்பது புண்ணைத் திறந்து வைப்பது மாதிரி. மேலே ஓடோ தகரமோ போட்ட, மூன்று பக்கம் மறைப்புள்ள இடமாகப் பாருங்கள். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள். வைக்கோல் போரைப் பக்கத்தில் உதறச் சொல்லாதீர்கள். நிழலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வெயிலில் திரை தெரியாது.

குதிரைக்கு மூக்கில் சளியும் தோலில் முடிச்சும் இருந்தால் அன்றைக்கு ஊசியே வேண்டாம். அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ரத்தப் பரிசோதனை வரும்வரை தள்ளி வையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்றும் கேளுங்கள், குதிரைக்கு அந்த நோய் சட்டென்று பிடிக்கும்.

அடுத்தது மயக்கம். மாட்டு வைத்தியர்கள் சறுக்கும் இடம் இது. சைலசின் மாட்டுக்கு மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும், குதிரைக்கு அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை, சிரைக்குள். மாட்டுக் கணக்கில் போட்டால் குதிரை உங்களை வேடிக்கைதான் பார்க்கும். பியூட்டர்ஃபனால் கிலோவுக்கு 0.01 முதல் 0.02 மி.கி. சேர்த்தால் கால் இன்னும் அசையாமல் நிற்கும். கழுத்துச் சிரையில் போடும்போது கழுத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். அங்கே சிரைக்கும் தமனிக்கும் நடுவில் ஒரு தசை இருக்கிறது. கீழே போட்டு மருந்து தமனிக்குள் போய்விட்டால் குதிரை அந்த நிமிடமே விழும்.

எடை தெரியாவிட்டால் நெஞ்சுச் சுற்றளவை செ.மீ.யில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். பழனி வண்டிக் குதிரைகள் பெரும்பாலும் சிறு உடம்பு. மார்வாரி அளவை அதற்குப் போட்டுவிடாதீர்கள்.

மயங்கிய குதிரை உதைக்காது என்று நம்பாதீர்கள். தலை தொங்கும், உதடு தொங்கும், கால் மட்டும் குறி தவறாமல் வரும். குதிரையைப் பிடிப்பவர் நீங்கள் நிற்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்போதுதான் அவர் தலையைத் தன் பக்கம் இழுக்கும்போது பின்பகுதி உங்களை விட்டு விலகும். அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கயிறு அவர் கையில் இருக்கட்டும். "ஐயா, நீங்க புடிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. ஸ்கேனுக்குப் படம் தெளிய வேண்டும் என்பதால் முடியைக் கத்தரித்து எடுத்துவிடுவது நல்லது, சவரக்கத்தியால் மழிக்க வேண்டாம், தோல் கீறும். குளோர்ஹெக்சிடின் அல்லது போவிடோன் அயோடின் தேய்ப்பு குறைந்தது ஐந்து நிமிடம். நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் தேய்க்க வேண்டும், வெளியே போன பஞ்சு திரும்ப நடுவுக்கு வரக் கூடாது. கடைசியில் ஸ்பிரிட். பஞ்சு வெள்ளையாகத் திரும்பும் வரை தேயுங்கள், அது எத்தனை பஞ்சானாலும் சரி. வாலைக் கட்டிவிடுங்கள்.

புரோபுக்கு ஸ்டெரைல் உறை போடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டெரைல் அறுவைக் கையுறைக்குள் ஜெல் ஊற்றிப் புரோபை இறக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் இழுத்துக் கட்டலாம். வெளிப்பக்கம் ஸ்டெரைல் ஜெல் அல்லது ஸ்பிரிட். பாட்டிலில் இருக்கும் சாதாரண ஜெல்லை ஊசி இறங்கும் இடத்தில் தடவவே கூடாது. மருந்துக் குப்பி ஒவ்வொரு தடவையும் புதிது. பாதி மிச்சமிருக்கிறதே என்று பிரிட்ஜில் வைத்ததை எடுக்காதீர்கள்.

முதல் மூட்டு: ஸ்டைஃபிளின் உள்பக்க அறை

படத்தோடு போட நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பின்னங்காலின் முழங்கால், தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் இடம். உள்பக்கத்தில், முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் உள்பக்கத் தசைநாருக்கும் பக்கவாட்டில் மூட்டைக் கட்டியிருக்கும் தசைநாருக்கும் நடுவில் விரல் வைத்தால் ஒரு மெத்தென்ற பள்ளம் தட்டும்.

குதிரை நான்கு காலிலும் ஊன்றி நிற்கட்டும். புரோபை அந்தப் பள்ளத்தில் நெடுக்காக வையுங்கள். தொடை எலும்பின் குமிழ் வளைந்த வெள்ளைக் கோடாக வரும், அதன் மேல் படிந்தாற்போல ஒரு கறுப்புப் பை. நீர் கோத்திருந்தால் பை பெரிதாக இருக்கும், இல்லாவிட்டால் கீற்றாக. புரோபை அழுத்தினால் பை நசுங்கிக் காணாமல் போகும், எனவே கை லேசாக இருக்கட்டும். டெப்த்தை நான்கு ஐந்து செ.மீ.யில் வையுங்கள். ஆழத்தைத் தேவைக்கு மேல் வைத்தால் பார்க்க வேண்டியது சின்னதாகிவிடும்.

ஊசி நுழையும் தோலில் சொட்டு லிக்னோகெயின் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். ஊசியைத் தனியாக, சிரிஞ்சு மாட்டாமல் நுழையுங்கள். தோலைத் தாண்டும்போது குதிரை ஒரு தடவை சிலிர்க்கும், அதற்கு இடம் கொடுத்துவிட்டு அப்புறம் திரையைப் பாருங்கள். முனை பையின் சுவரைத் தள்ளுவது தெரியும். சுவர் உள்வாங்கும், உள்வாங்கும், பிறகு பட்டென்று விடும். கைக்கும் அது தெரியும். எலும்பு வரை இடிக்க வேண்டியதில்லை. இடித்தால் குருத்தெலும்பில் கீறல்தான்.

பல நேரம் ஊசியின் அடியிலிருந்து மூட்டுநீர் தானாகச் சொட்டும். வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்து, விரல் நடுவில் வைத்து இழுத்தால் பாகு கம்பிப் பதத்தில் நீளுகிற மாதிரி நீண்டால் நல்ல நீர். தண்ணீராக ஓடினால் அழற்சி. கலங்கலாக வந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். ஸ்டீராய்டு போடாதீர்கள். ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் பிடித்து ஆய்வுக்கு அனுப்புங்கள். நல்ல மூட்டுநீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணு ஆயிரத்துக்கும் கீழே, புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கும் கீழே இருக்கும். வெள்ளணு 30,000ஐத் தாண்டி, புரதமும் 4 கிராமைத் தாண்டினால் உள்ளே கிருமி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீர் நன்றாக இருந்தால் சிரிஞ்சை மாட்டி மெதுவாகச் செலுத்துங்கள். திரையில் மருந்து சுழல்வதும் பை உப்புவதும் தெரிய வேண்டும். கைக்குத் தடையே இருக்கக் கூடாது. தடை இருந்தால் முனை சுவருக்குள் சிக்கியிருக்கிறது, ஊசியை நூலளவு திருப்பிப் பாருங்கள். குதிரை அசைந்தால் சிரிஞ்சைக் கழற்றிவிட்டு ஊசியை விட்டுவிடுங்கள், பிடித்து இழுத்து வளைக்காதீர்கள். படத்தைச் சேமித்து வையுங்கள்.

கழுத்து, இடுப்பு, எக்ஸ்ரே

கழுத்தில் அதிகம் கெடுவது கீழ்ப்பகுதி, ஐந்தாவது ஆறாவது ஏழாவது எலும்புகளுக்கு இடையில். தோள்பட்டைக்குச் சற்று முன்னால் புரோபைக் குறுக்காக வைத்தால் இரண்டு வெள்ளை வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிபோல் ஏறி நிற்பதும், நடுவில் ஒரு மெல்லிய இடைவெளியும் தெரியும். ஊசி புரோபுக்கு மேல் பக்கத்திலிருந்து சாய்வாக இறங்கி அந்த இடைவெளியைத் தொட வேண்டும். எலும்பைத் தாண்டி உள்ளே போனால் தண்டுவடம், கீழே போனால் முள்ளெலும்புத் தமனி. முதலில் எலும்பைத் தொட்டு, அங்கிருந்து நகர்ந்து மூட்டின் வாயைத் தேடுவது பத்திரமான வழி. கருவியில் கலர் டாப்ளர் இருந்தால் ஊசி எடுக்கும் முன்பே ரத்தக்குழாய் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதை ஏற்கனவே செய்தவர் பக்கத்தில் நிற்காமல் தொடாதீர்கள்.

இடுப்பிலும் சேக்ரோஇலியாக்கிலும் மரப்பு மருந்தில் கவனம் வேண்டும். மருந்து கசிந்து பெரிய நரம்புகளில் பட்டால் பின்னங்கால் செயலற்றுப்போய்க் குதிரை உட்கார்ந்துவிடும். அரை டன் உடம்பை எழுப்புவது நம் கையில் இல்லை. சேக்ரோஇலியாக்கில் மூட்டுக்குள்ளேயே முனை இறங்குவது அபூர்வம், பெரும்பாலும் மூட்டை ஒட்டி மருந்தை விடுகிறோம், அதுவே பலன் தரும்.

குளம்புக்குள் நாவிகுலர் எலும்பின் பின்னால் இருக்கும் பைக்கும், ஹாக்கின் கீழ் அறைகளுக்கும் எக்ஸ்ரேதான் வசதி. ஊசியை வைத்து ஒரு படம், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் அயோஹெக்சால் மருந்து துளி விட்டு இன்னொரு படம். ஹாக்கின் கீழ் மூட்டு தேய்ந்து இடுங்கிப் போயிருந்தால் ஊசி நுழையவே நுழையாது, மல்லுக்கட்ட வேண்டாம். ஈய உடுப்பும் கதிர் அளவிடும் டிஎல்டி பட்டையும் உங்களுக்கு மட்டுமல்ல, கால் பிடிக்கும் ஆளுக்கும் வேண்டும். தகட்டைக் கையால் பிடிக்கச் சொல்லாதீர்கள், நீளப் பிடியில் மாட்டி நீட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு படம்தானே என்று விடும் பழக்கம் நம் ஊரில் அதிகம்.

ஊசிக்கு அப்புறம்

அன்றும் மறுநாளும் கட்டுத்தரையிலேயே நிற்கட்டும். மயக்கம் தெளியும் வரை தீவனம் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குளிப்பாட்டக் கூடாது, ஊசி போட்ட இடத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூசக் கூடாது. இதைச் சொல்லாமல் வந்தால் கட்டாயம் பூசியிருப்பார்கள், அன்பினால்தான். மூன்றாம் நாள் கயிற்றில் நடை, ஒரு வாரத்துக்குப் பிறகு லேசான வேலை. வண்டிக் குதிரைக்கு ஒரு வார ஓய்வு என்பது அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாரச் சம்பாத்தியம். ஊசிக்கு முன்பே பேசிவிட வேண்டிய விஷயம் அது. ஓய்வு தர முடியாதவருக்கு ஊசி போட்டு ஆவது ஒன்றுமில்லை.

முதல் நாளில் மூட்டு வெதுவெதுப்பாகி லேசாக வீங்கி, இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கினால் அது மருந்தின் எரிச்சல். ஆனால் கால் தரையிலேயே ஊன்றாமல், மூட்டு கொதித்துக்கொண்டிருந்தால், அது எரிச்சல் என்று நினைத்து வலி மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு உள்ளே இருந்தால் கிருமியின் அறிகுறிகள் பிந்தியே வரும், ஒரு வாரம் கழித்துக்கூட. அப்போது செய்ய வேண்டியது: மூட்டுநீர் எடுத்து ஆய்வுக்கு, அன்றைக்கே மூட்டை லிட்டர் கணக்கில் ரிங்கர் லாக்டேட்டால் கழுவ ஏற்பாடு. உங்களிடம் வசதி இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய இடத்துக்கு வண்டி ஏற்றிவிடுங்கள். ராத்திரியானாலும் ஏற்றுங்கள்.

எனக்கு அப்படி ஒரு குதிரை இருந்தது. மூன்றாம் நாள் உரிமையாளர் போன் செய்து, "கொஞ்சம் அதிகமாத் தாங்குதுங்க, பாத்துக்கலாங்களா" என்றார். நானும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஐந்தாம் நாள் போனபோது முட்டி தேங்காய் அளவு இருந்தது. கழுவி, பென்சிலினும் ஜென்டாமைசினும் போட்டு உயிர் தப்பியது, வண்டிக்கு மட்டும் திரும்பவில்லை. அதிலிருந்து ஊசி போட்ட மூன்றாம் நாள் நானே போன் செய்கிறேன்.

குறிப்பேட்டில் தேதி, எந்தக் கால், எந்த மூட்டு, எந்த அறை, மருந்து எத்தனை மி.கி., குப்பியின் தொகுதி எண், மூட்டுநீர் எப்படி இருந்தது, சேமித்த படத்தின் எண், எல்லாம் எழுதுங்கள். அடுத்த ஆடிக்கு அதே குதிரை திரும்ப வரும். ஆறு மாதத்துக்குள்ளேயே அதே மூட்டுக்கு மறுபடி கேட்டு வந்தால் சிரிஞ்சை எடுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள், லாடம் கட்டுகிறவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு குளம்பின் சமநிலையைப் பாருங்கள். தார் ரோட்டில் தேய்ந்த லாடத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் குதிரைக்கு, முதல் மருந்து புது லாடமாகவே இருக்கக்கூடும்.